முதலில் தேதி, அப்புறம் சைக்கிள்

சைக்கிளில் நெடுந்தூரம் போக வேண்டும் என்று உங்களுக்குள் ஓர் ஆசை இருக்கிறது. இல்லை என்று சொல்லாதீர்கள். தொப்பையை மறைக்கச் சட்டையை வெளியே எடுத்துவிட ஆரம்பித்த நாளிலிருந்து எல்லோருக்குமே இருக்கிற ஆசைதான். பாண்டிச்சேரி வரைக்கும், ராமேஸ்வரம் வரைக்கும். துணிச்சல்காரர்களுக்குக் கன்னியாகுமரி வரைக்கும்.

சரி, ஏன் இன்னும் போகவில்லை?

‘‘இன்னும் சைக்கிள் வாங்கலைங்க. எது நல்லதுன்னு விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.’’

எத்தனை நாளாக விசாரிக்கிறீர்கள்?

‘‘அது ஆச்சு, மூணு வருஷம்.’’

நம்மை ஊர் போகவிடாமல் நிறுத்தி வைத்திருப்பது வெயிலும் இல்லை, வயசும் இல்லை, மனைவியும் இல்லை. ஒரு பட்டியல். ஆசைப்பட்ட மறுநாளே யாராவது ஒரு புண்ணியவான் அதை நம் கையில் திணித்துவிடுகிறார். இருபத்தேழு கியர். எடை குறைந்த ஃப்ரேம். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் சட்டை. பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ. எத்தனை கலோரி எரிந்தது என்று சொல்லும் கடிகாரம். மழை புகாத பை நான்கு. கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. ‘அடுத்த இன்க்ரிமென்ட் வரட்டும்’ என்று ஆசையை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம்.

சென்னையில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். நல்ல ஏ.சி. விற்பனைத் தம்பி கேட்ட முதல் கேள்வி: ‘‘பட்ஜெட் எவ்வளவு சார்?’’ எங்கே போகப் போறீங்க, எத்தனை நாள், ரோடு எப்படி, முழங்கால் எப்படி? ஒன்றும் கேட்கவில்லை. தையல்காரர்கூட அளவெடுத்துவிட்டுத்தான் கூலி பேசுகிறார்!

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு அங்கே சொல்லிக்கொடுத்த உருப்படியான பாடம், முதலீட்டை அதன் உபயோகத்தால் வகுத்துப் பார்ப்பது. ஒரு லட்ச ரூபாய் சைக்கிளை ஐந்து வருடத்தில் மொத்தம் 500 கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்றால், கிலோமீட்டருக்கு 200 ரூபாய். ஆட்டோவே தேவலாம். ஆறாயிரம் ரூபாய் சைக்கிளில் தினம் 20 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வரும் கொத்தனார், வருஷத்துக்கு 300 நாள் போனால் ஓட்டுவது 6,000 கிலோமீட்டர். முதல் வருடத்திலேயே கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். இந்த இரண்டு பேரில் நெடுந்தூர சைக்கிள்காரர் யார்? பட்டியல் கொடுப்பவர்கள் இந்தக் கொத்தனாரிடம் ஒருநாளாவது யோசனை கேட்டிருக்கிறார்களா?

‘சாமான் இல்லாமல் முடியாது’ என்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம். முதன்முதலில் சைக்கிளில் உலகத்தைச் சுற்றியவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பினார். முன் சக்கரம் மார்பளவு உயரம், பின் சக்கரம் குட்டியூண்டு என்று பழைய படங்களில் பார்த்திருப்பீர்களே, அந்த வண்டி. மூட்டையில் இருந்தவை காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அதே வண்டியில்தான் 1886-ல் நம் லாகூர்–கல்கத்தா சாலையையும் கடந்தார்.

வெள்ளைக்காரர் கதை வேண்டாமா? 1923-ல் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாஸோலா, ரஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் சுற்றி முடித்து 1928-ல் ஊர் திரும்பினார்கள். அந்தக் காலத்தில் கியர் என்ன, நல்ல ரோடே கிடையாது.

இவர்களைவிட எனக்குப் பிடித்தவர் டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்துப் பெண்மணி. பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு சைக்கிளும் ஓர் உலகப்பட புத்தகமும் பரிசாக வந்தன. ஒருநாள் இந்தியாவுக்குச் சைக்கிளிலேயே போவேன் என்று அப்போதே முடிவு செய்தார். 1963 ஜனவரியில் கிளம்பி டெல்லி வரை வந்தும் சேர்ந்தார். வருவதற்கு முன் சைக்கிளுக்கு என்ன செய்தார் தெரியுமா? அதிலிருந்த மூன்று கியரையும் கழற்றிப் போட்டார்! வழியில் இருக்கும் ரோடுகளை அது தாங்காது என்று கணக்குப் போட்டார். நாம் கியரைச் சேர்ப்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறோம். அவர் பயணத்துக்காகக் கியரைத் தள்ளிவைத்தார்.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. நெடுந்தூரத்துக்கு நல்ல சைக்கிள் என்பது விலையுயர்ந்த சைக்கிள் அல்ல. நீங்கள் போகிற ஊரில் ரிப்பேர் பார்க்கக்கூடிய சைக்கிள்.

நம் அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயர் 28 இன்ச், ஒன்றரை இன்ச் அகலம். இன்றைக்கும் சின்ன ஊர் சைக்கிள் கடைகளில் ஆணியில் தொங்குகிறது. ஷோரூமில் பளபளக்கும் ஹைப்ரிட் சைக்கிளின் சக்கரத்துக்குப் பெயர் 700சி. பார்க்க ஒரே அளவு மாதிரி இருக்கும். ஆனால் டயர் உட்காருகிற இடத்தில் விட்டம் 13 மில்லிமீட்டர் குறைவு. அந்த டயர் இதில் ஏறாது. டயர் கிழிந்தால் அடுத்த பெரிய நகரம் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். பலவற்றில் வால்வும் வேறே. பென்சில் முனை மாதிரி ஒல்லியாக, பிரெஸ்டா என்று பெயர். பங்ச்சர் கடைப் பம்ப் அதைப் பிடிக்காது. சுண்டுவிரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றை மாட்டிவிட்டால் பிடித்துவிடும். மிகச் சொற்ப விலைதான். ஆனால் என் கையில் திணிக்கப்பட்ட எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

நல்ல சைக்கிளுக்கு நான் விரோதி இல்லை. கறுப்பு சைக்கிள் கனம் ஜாஸ்தி. மழையில் அதன் பிரேக்கை நம்பி ஏற்காட்டிலிருந்து இறங்கினீர்கள் என்றால் நேராக மேலே போய்விடுவீர்கள். மலை ஏறவும் இறங்கவும் கியரும் நல்ல பிரேக்கும் கட்டாயம் வேண்டும். ஹெல்மெட் எங்கேயும் வேண்டும். பஞ்சு வைத்துத் தைத்த அரைக்கால் சட்டையும் வீண் செலவில்லை. முதல் பயணத்தில் அதன் அருமை எந்த இடத்தில் தெரியும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். முதல் பயணத்தை எதற்கு மலையில் வைக்கிறீர்கள்?

‘‘அவங்கெல்லாம் அசகாய சூரர்கள் சார், நாம ஆபீஸ் ஆளுங்க’’ என்கிறீர்களா? அப்படியானால் புதுக்கோட்டைக்குப் போகலாம். 1991, 92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது அந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா? பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் புடவையோடு ஏறினார்கள். குழந்தையை உட்கார வைக்க அந்த பார் தோதாக இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

ஆகவே, முதலில் தேதி குறியுங்கள். காலண்டரில் பேனாவால் வட்டம் போடுங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள். பின்வாங்கினால் மானம் போகும் அல்லவா? அதற்குத்தான்.

வழி நான் சொல்கிறேன். சிதம்பரத்தில் கிளம்புங்கள். முதல் நாள் மயிலாடுதுறை, அடுத்த நாள் கும்பகோணம், மூன்றாம் நாள் பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர். ஒவ்வொரு நாளும் 40 கிலோமீட்டருக்குள்தான். நான்காம் நாள் நாலுவழிச் சாலை வேண்டாம். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி, கல்லணை என்று காவிரியை ஒட்டியே திருச்சி. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டும். மேடே கிடையாது. மூன்றாம் நாள் வரை ரயில் பாதை பக்கத்திலேயே வருகிறது. முடியவில்லையா, சைக்கிளைப் பார்சலில் போட்டுவிட்டு ரயில் ஏறலாம். அவமானம் ஒன்றுமில்லை.

பொங்கல் கழிந்து போங்கள். தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். கடலோரத்திலிருந்து உள்ளே போகிற உங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளும். இதையே ஆனி, ஆடியில் போனால் மேல்காற்று முகத்தில் அறையும். முதல் பயணமே கன்னியாகுமரிதான் என்று கோடையில் கிளம்பும் வீரர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் அழகுக்கா நிற்கின்றன? தை, மாசியில் டெல்டாவில் இன்னொரு விசேஷம், அறுவடை. ரோட்டிலேயே நெல் காயும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது ஒருத்தர் சாப்பாடு.

அடுத்து, ஒத்திகை. தேதிக்கு ஆறு வாரம் முன்னால் இருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் 15, 20, 30 என்று கூட்டுங்கள். அதில் ஒரு வாரம் கட்டாயம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டுங்கள். முதல் நாள் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். மறுநாள் காலை அதே சீட்டில் மறுபடி உட்காரும்போதுதான் உண்மை தெரியும். சீட் உயரத்தையும் சரிபாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தினால் கால் கிட்டத்தட்ட நேராக நிற்க வேண்டும். கால் தரையில் எட்டட்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பிறகு முழங்கால் வலிக்கிறது என்று டாக்டரிடம் போகிறோம்.

கடைசியாகத்தான் செலவு. உங்கள் மாடிப்படிக்கு அடியில் மகன் எப்போதோ விட்டுவிட்டுப் போன சைக்கிள் ஒன்று கிடக்கும். தெருக்கோடி சைக்கிள் கடையில் கொடுத்து ஓவராயிலிங் செய்யச் சொல்லுங்கள். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கட்டும். புது பிரேக் கட்டை, புது டயர் ட்யூப், பின்னால் உறுதியான கேரியர். மூட்டை கேரியரில்தான். முதுகில் வேண்டாம், இடுப்பு போய்விடும். மாற்று உடை இரண்டு, ஒரு டியூப், ஒட்டுப் போடும் சாமான், கைப்பம்ப், ஸ்பேனர், தண்ணீர், உப்பு, கடலை மிட்டாய். கிளம்புவதற்கு முன் பங்ச்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். சைக்கிள் கடைக்காரர் அரை மணியில் சொல்லித்தருவார். டீ வாங்கிக் கொடுங்கள்.

எல்லாம் சேர்த்துச் சில ஆயிரத்தில் முடியும். ஆனால் ஒரு சாமானில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பின்னால் எரிகிற சிவப்பு விளக்கு.

இந்தியச் சாலைகளில் 2022-ல் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதில் சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். உங்களை மாதிரி ஆசைக்குப் போனவர்களா இவர்கள்? பால்காரர், வாட்ச்மேன், ஷிஃப்ட் முடிந்து திரும்பியவர் மாதிரி ஆட்கள்தான் விடியற்காலை இருட்டிலும் ராத்திரியிலும் சைக்கிளில் போகிறவர்கள். முன்பெல்லாம் லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பயத்துக்காவது டைனமோ வைத்திருந்தோம். இப்போது பிடிப்பாரும் இல்லை, டைனமோவும் இல்லை. சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரம் வகுத்து 2020-ல் மத்திய அரசு ஆணை போட்டது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தது. சந்தோஷம். விலை குறைந்த சைக்கிளை ஓட்ட, ரோட்டில் மூன்றடி இடம் எப்போது தருவீர்கள்?

அது கிடைக்கும்வரை, இருட்டில் ஓட்டாதீர்கள். மாலை ஐந்துக்கு ஊர் போய்ச் சேருங்கள். விளக்கு வாங்கப் போகும்போது இரண்டாக வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். ஒன்று உங்களுக்கு. இன்னொன்றை, தினமும் இருட்டில் உங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வருகிறவர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவர் வண்டியில் உங்கள் கையாலேயே மாட்டிவிடுங்கள். அப்படியே வழியெல்லாம் எப்படி ஓட்டுவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஷோரூமும் சொல்லாததை அவர் சொல்வார்.

தேதி குறித்தாயிற்றா?