மின் மீளும் வழி

ஈயம் பற்றவையாது, துளைகளிற் கம்பி செருகியே சுற்றமைக்க உதவும் பலகையைப் பிரெட்போட் என்பர். முற்கால வானொலிப் பிரியர்கள் பாண் வெட்டும் பலகையில் ஆணியடித்துச் சுற்றமைத்ததால் வந்த பெயர் அது.

சுற்று இயங்காவிடில் மாணாக்கர் சில்லையே பழிக்கின்றனர். நாமோ முதலிற் பலகையின் ஓரத்தைப் பார்க்கச் சொல்வோம். அங்கு நீளும் மின்வழங்கற் பட்டைகள் பல பலகைகளில் நடுவே அறுபட்டிருக்கும். அருகிலுள்ள சிவப்பு, நீலக் கோடுகளும் அவ்விடத்தில் விட்டுப்போயிருக்கும். சிறு கம்பியால் இணையாவிடில் சுற்றிற் பாதி மின்னின்றிக் கிடக்கும்.

நேர்முனையிற் காட்டும் அக்கறையை மறைமுனையிற் காட்டுவார் சிலரே. சென்ற மின் முழுவதும் அவ்வழியாலன்றோ பற்றரிக்கு மீளவேண்டும்! விளையாட்டு வண்டியொன்றில் மோட்டரும் சில்லும் ஒரே மெல்லிய கம்பியைப் பகிர்கின்றன என்க. அதன் தடை 0.1 ஓம், மோட்டர் கிளம்புகையில் 1 அம்பியர் பாய்ந்தால், சில்லு பூச்சியமென நம்பியிருக்கும் முனை 0.1 உவோற்று உயர்ந்துவிடும். மோட்டருக்குத் தனிக்கம்பி கொடுத்தலே முறை.

அச்சுச் சுற்றுப்பலகைகளில் ஒரு பக்கம் முழுவதும் செப்பை விட்டுவைப்பதும் மின் மீள அகன்ற பாதை வேண்டியே. பிரெட்போட்டில் அவ்வசதி இல்லை. ஆகவே கம்பிகளைக் குறுக்கி, சில்லின் மின்வழங்கற் கால்களை ஒட்டி 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றைச் செருகுக.