ஒரே வீட்டில் எத்தனை அடுப்பு?



சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும். "அப்பா... இன்னைக்கு வீட்ல சமைக்க வேணாம்ப்பா. ஓட்டலுக்குப் போலாம்ப்பா!" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார். நீங்கள் இரண்டையும் பார்ப்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறீர்கள். இப்போது செருப்புகூட மாட்ட வேண்டியதில்லை. செல்போனில் விரலை வைத்தால் பரோட்டா வாசலுக்கே வந்துவிடுகிறது!

ஓட்டலில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது என்ன? 'செட்டிநாடு சிக்கன்'. சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று எங்கே போனாலும் செட்டிநாட்டுப் பெயரில் ஓர் ஓட்டல் இருக்கிறது. சரி, அந்தச் செட்டிநாட்டுக்கே ஒரு நடை போய் வருவோமா?

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் போனால், அங்கேயும் சுற்றியுள்ள ஊர்களிலும் அரண்மனை மாதிரி வீடுகளைப் பார்க்கலாம். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில்! முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பர்மாவிலிருந்து வந்த தேக்கு மரத் தூண்கள். காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். பர்மா, இலங்கை, மலேயா என்று கப்பலேறிப் போய் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் கட்டிய வீடுகள் இவை.

'இவ்வளவு பணம் இருந்தால் தினமும் விருந்துதான்' என்று நினைக்கிறீர்கள், இல்லையா? அதுதான் இல்லை.

அந்த வீடுகளில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளானதும், அவனையும் மருமகளையும் தனியாகச் சமைத்துச் சாப்பிடச் சொல்லிவிடுவார்கள். கோபித்துக்கொண்டு வெளியே அனுப்புவது அல்ல இது. அதே வீடு, அதே வளவு. அடுப்பு மட்டும் வேறு. நான்கு மகன்கள் இருந்தால் நான்கு அடுப்புகள், பெற்றோருக்கு ஒன்று. ஒரே கூரையின் கீழே ஐந்து இடத்தில் புகை வரும்!

வருடத்துக்கு இவ்வளவு என்று அரிசியும் பணமும் அளந்து கொடுப்பார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். கணக்கு எழுத வேண்டும். மாமனார் லட்சாதிபதியாக இருக்கலாம். ஆனால் மருமகளின் அஞ்சறைப் பெட்டியில் மிளகு தீர்ந்துவிட்டால், அது அவளுடைய கணக்கில்தான் சேரும். பெரிய வீடுகளில் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் எதை எவ்வளவு வாங்குவது, எது எத்தனை நாள் வரும் என்கிற கணக்கு அடுப்பு வைத்திருக்கிறவரின் தலையில்தான். இருபது வயதுகூட ஆகாத சின்னப் பெண்கள் இதைச் செய்தார்கள். இன்று காலேஜில் 'பட்ஜெட்' என்று பாடம் நடத்துகிறார்களே, அதை அவர்கள் அடுப்படியில் படித்துவிட்டார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கும் பயிற்சி உண்டு. கப்பலேறிப் போய் வட்டிக்கடையில் வேலை பழகும் சிறுவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்து, மெல்ல மெல்லக் கணக்கு கற்றுக்கொள்வான். அங்கே 'கிட்டங்கி' என்கிற பெரிய கட்டடத்தில்தான் கடை, அங்கேயேதான் படுக்கை. சாப்பாடும் பெரும்பாலும் அங்கேயே பொதுச் சமையலில். ரங்கூன் நகரத்தில் கடைகளுக்கா பஞ்சம்? இருந்தும் கிட்டங்கியில் ரசம் கொதித்தது.

சரி, அந்த அடுப்புகளில் என்ன வெந்தது? தினமும் கோழி வறுவலா? தண்ணிக்குழம்பு, துவட்டல், கூட்டு, மண்டி... இப்படித்தான். இதில் மண்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரை நாம் என்ன செய்கிறோம்? தொட்டியில் கொட்டுகிறோம். செட்டிநாட்டில் அதை எடுத்து வைத்து, புளியைக் கரைத்து, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு வெண்டைக்காயை வதக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டால், அதுதான் வெண்டைக்காய் மண்டி! கொட்டுகிற தண்ணீரில் ஒரு குழம்பு. அதன் ருசியோ, அடடா... தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் தட்டு காலியாவதே தெரியாது. எத்தனை ஓட்டல்களின் மெனு கார்டில் இது இருக்கிறது? தேடிப் பாருங்கள்.

அந்தப் பக்கம் மழை குறைவு. ஊருணியை நம்பித்தான் ஊர். காய்கறி எல்லா நாளும் மலிவாகக் கிடைக்காது. அதனால் கிடைக்கும் காலத்தில் வாங்கி, கத்தரி, கொத்தவரை, மாங்காய் என்று நறுக்கி, வளவு முற்றத்து வெயிலில் காயவைத்து வற்றலாக்கி வைத்துக்கொண்டார்கள். காய் இல்லாத மாதத்தில் வற்றல் குழம்பு. வெயிலுக்கு வாடகை இல்லையே!

இந்தக் கட்டுசெட்டு பின்னால் கைகொடுத்தது. இரண்டாம் உலகப் போரில், 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. அதற்கு முன்பும் பின்பும் ஏராளமான இந்தியர்கள் தப்பி ஓடிவந்தார்கள். பலர் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். போர் முடிந்த பிறகும், அங்கே இருந்த நிலமும் சொத்தும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கவில்லை. வீடு அரண்மனை, வருமானமோ சொற்பம் என்று ஆனது பல குடும்பங்களுக்கு. தூணையும் கதவையும் விற்றவர்கள் உண்டு. காரைக்குடியில் பழைய பொருள்கள் விற்கும் தெருவில் அவற்றை இன்றும் பார்க்கலாம். தூண் போனது. மண்டி வைக்கத் தெரிந்த கை போகவில்லை. பலகாரம் செய்து விற்றே குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்களும் அங்கே உண்டு.

இப்போது நாமும் ஒரு கணக்கு போடுவோம். விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைக் கடையில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ இட்லி அரிசி 50 ரூபாய், கால் கிலோ உளுந்து 35, எண்ணெய் 30, கேஸும் கரண்ட்டும் 25, சட்னிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180. ஏறக்குறைய 30 தோசை வரும். ஒரு தோசை 6 ரூபாய். ஓட்டலில் அதே தோசை 60 என்றால், பத்து மடங்கு!

உடனே 'ஓட்டல்காரர் ஏமாற்றுகிறார்' என்று சொல்லிவிடாதீர்கள். அவர் கட்டட வாடகை கொடுக்க வேண்டும், மாஸ்டருக்கும் பரிமாறுகிறவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

அப்புறம், நம் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்று. கவனித்தீர்களா? அரிசியை ஊறப்போட்டது யார்? கிரைண்டரைக் கழுவியது யார்? தேங்காய் துருவி, கல்லின் முன்னால் நின்று வியர்க்க வியர்க்கச் சுட்டது யார்? ஓட்டல் மாஸ்டருக்குச் சம்பளம் உண்டு. அம்மாவுக்கு? அந்தக் கூலியை எழுதாததால்தான் தோசை 6 ரூபாயில் நிற்கிறது.

அதனால், அம்மாவே "இன்னைக்கு ஓட்டலுக்குப் போலாமா?" என்று கேட்டால், அவர் கேட்பது பரோட்டா இல்லை, ஒருநாள் லீவு! அப்போது சந்தோஷமாகக் கிளம்புங்கள். ஊர்ப் பயணம், காய்ச்சல், பிறந்தநாள் என்றாலும் போகலாம், தப்பில்லை. ஆனால் வாரம் தவறாமல் அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும்படி செய்ய வேண்டுமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு மட்டும் உங்களை 'வேறு வைக்க'ச் சொல்லுங்களேன். ஓட்டலுக்கு ஆகும் பணத்தில் கால்வாசியைக் கேட்டு வாங்குங்கள். என்ன சமைப்பது என்று நீங்களே முடிவு செய்து, கடைக்குப் போய் விலை விசாரித்து, ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். வெங்காயம் உரிப்பது, அரிசி களைவது, தட்டு வைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் உங்கள் பொறுப்பு. அண்ணனும் தம்பியும் 'இது பொம்பளைங்க வேலை' என்று நழுவக் கூடாது. அடுப்பைப் பற்றவைக்க மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினால் போதும்.