குதிரையைக் கொடுக்கும் ஆட்டம்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் சிப்பியைத் திறந்து பார்த்து வாங்கியவர் எவருமில்லை. ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் குவித்து ஏலம் கூறுவார்கள். பணத்தைக் கட்டிய பின்னரே உள்ளிருப்பது முத்தா, வெறும் சதையா என்பது விளங்கும். 1961-க்குப் பின் அந்த ஏலம் ஓய்ந்துவிட்டது. ஆயினும் சதுரங்கக் கழகங்களின் மேஜைகளில் அதே வியாபாரம் இன்றும் நடக்கிறது. அதன் பெயர் காக்ரேன் காம்பிட்.

இரு ராஜாக்களின் காலாட்களும் இரண்டு கட்டம் முன்னேறுகின்றன. ராஜா பக்கத்துக் குதிரைகள் வெளிவருகின்றன. வெள்ளைக் குதிரை எதிரிலுள்ள காலாளை வெட்டுகிறது. கறுப்பு மந்திரியின் காலாள் ஒரு கட்டம் வந்து அதை அதட்டுகிறது. நல்ல பிள்ளையாகப் பின்வாங்க வேண்டிய அக்குதிரையோ, ராஜாவை அடுத்துள்ள காலாளையும் வெட்டி, மந்திரியையும் யானையையும் ஒருசேரத் தாக்கி நிற்கிறது! ராஜாவே வந்து அதனை வெட்ட வேண்டும். கோட்டை கட்டும் உரிமை அத்துடன் போயிற்று. ஒரு குதிரைக்கு இரண்டு காலாட்கள்: செட்டியார் கணக்கில் நஷ்டந்தான்.

இவ்வாட்டம் 1848-இல் கல்கத்தாவில் ஆடப்பட்டது. வெள்ளை, பாரிஸ்டர் ஜான் காக்ரேன். கறுப்பு, வங்கக் கிராமத்தினரான மகேஷ்சந்திர பானர்ஜி. காலாள் முதல் அடியிலும் ஒரு கட்டமே வைக்கும் நம் நாட்டு முறையில் பழகியவர் இவர். குதிரையைத் தியாகம் செய்தவரின் பெயர் நிலைத்தது. போகட்டும். ஆனால் 1855-இல் காக்ரேனை எதிர்த்து பானர்ஜி கையாண்ட ஒரு தற்காப்பு, 1922-இல் அதனை ஆடிய ஆஸ்திரியரான கிரன்ஃபெல்டின் பெயரால் வழங்குகிறதே, அதற்கு என்ன சமாதானம்? 'இந்தியத் தற்காப்பு' என்னும் பொதுப் பெயரில் தேசம் நிற்கிறது. ஆடிய மனிதரைக் காணோம்.

காம்பிட்டைக் கிழட்டு வித்தை என்று ஒதுக்குவதற்கில்லை. 1999-இல் லினாரஸ் பந்தயத்தில் டோபலோவ் இதனைக் கிராம்னிக்கின் மீது ஏவினார், ஆட்டம் சமனாயிற்று. கறுப்பு நிதானமாகக் காய்களை வெளிக்கொணர்ந்தால் பிழைக்கலாம் என்பதே நம் அபிப்பிராயம்.

பேராசைப்பட்டாலோ ஆபத்து. ஐந்தாவதாக வெள்ளை தன் மந்திரியின் காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகிறது. கறுப்புக் குதிரை நடுக் காலாளை வெட்டினால், வெள்ளை மந்திரி பலகையின் ஓரத்துக்குப் பாய்ந்து செக் சொல்லும். குதிரைப் பக்கத்துக் காலாளால் மறைத்தால், மந்திரி நடுவுக்கு வந்து மீண்டும் செக், குதிரை விழும். மறைக்காமல், ராஜா தன் பழைய வீட்டுக்கு நேர் முன்கட்டத்துக்கு நகர்ந்தால்? அப்போதும் குதிரை தப்பாது. நேயர்கள் பலகையில் வைத்துப் பார்க்கலாம். மந்திரி பின்வாங்குவதில் விடை இருக்கிறது.