சித்திரைத் தண்ணீரை அளந்துவிட்டுக் குழாய் போடுங்கள்

"சொட்டுநீர் போட ஏக்கருக்கு எவ்வளவு சார் ஆகும்?"

தோட்டம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "சித்திரை மாசத்துல உங்க கிணறு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஊறும்?" வந்தவர் கொஞ்சம் யோசிப்பார். "தண்ணி நிறைய இருக்குங்க, அஞ்சு எச்.பி. மோட்டார் போட்டிருக்கேன்" என்பார். மோட்டாரின் குதிரைத்திறனைச் சொன்னால் கிணற்றின் ஊற்றைச் சொன்னதாக ஆகிவிடுமா?

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 32 வருஷம் வங்கியில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில். கிணறு ஆழப்படுத்த, போர் போட, மோட்டார் வாங்க என்று நான் கையெழுத்துப் போட்ட கடன்கள் எத்தனையோ. கடன் படிவத்தில் பக்கத்துக் கிணற்றுக்கு எவ்வளவு இடைவெளி என்று ஒரு கட்டம் இருக்கும். விண்ணப்பம் கொடுக்க வந்தவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லும் அளவையே பல முறை அதில் எழுதியிருக்கிறேன். மார்ச் மாதம் வந்தால் இலக்கு முடிக்க வேண்டும். தோட்டத்துக்குப் போய் டேப் பிடிக்க யாருக்கு நேரம்?

அப்படி ஒரு கடனில் ஒருவர் மூன்று போர் போட்டார். இரண்டு பொய்த்தது. மூன்றாவது இரண்டு கோடை ஓடியது, அப்புறம் காற்றுதான் வந்தது. கணக்கு வராக்கடனாகி, கடைசியில் ஒரு ஏக்கரை விற்றுக் கட்டினார். நோ டியூ சான்று வாங்க வந்த அன்று, "உங்க மேல தப்பில்லீங்க சார், தண்ணி ஏமாத்திருச்சு" என்றார். அந்தத் தண்ணீரை யாரும் அளக்கவே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் சொந்தத் தோட்டத்தில் அடி விழுந்த பிறகுதான் உறைத்தது.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் பூர்வீக நிலம் இரண்டரை ஏக்கர். செம்மண். 20 அடி விட்டத்தில் 55 அடி ஆழ வட்டக் கிணறு ஒன்று. 2016-ல் ஓய்வு பெற்று வந்தபோது 40 சென்ட்டில் காய்கறி, வாய்க்கால் பாசனம். மடை திருப்பக் காலையில் மண்வெட்டியோடு நிற்பேன். முதுகு வலித்தது, களையும் அதிகம். 2018-ல் மானியத்தில் சொட்டுநீர் போட்டேன். சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். போட்ட முதல் இரண்டு மாதம் கிணற்றில் தண்ணீர் மிச்சம் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குப் பேராசை வந்தது. 40 சென்ட் ஒன்றரை ஏக்கரானது. தக்காளி, கத்தரி, வெண்டை, கொத்தவரை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற தைரியம் வேறு.

2018 வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்கக் குறைந்து போனது. 2019 சித்திரையில் மோட்டாரைப் போட்டால் முக்கால் மணி நேரத்தில் காற்று வாங்கியது. கிணற்றில் சைடு போர் போடச் சொன்னார்கள். ஆளும் வந்து பார்த்துவிட்டு, கிழக்கே துளைத்தால் இரண்டு இஞ்ச் தண்ணீர் நிச்சயம் என்றார். கிழக்கே 200 அடியில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் கிணறு. அவரிடம் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை.

"போடுங்க மேனேஜரே, உங்க கெணறு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் எங்க மாட்டுக்கு உங்க வீட்ல இருந்துதான் தண்ணி கொண்டாரணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சைடு போர் போடவில்லை. காய்ப்பில் இருந்த கத்தரியில் ஒரு ஏக்கருக்கு மேல் கைவிட்டேன். செடி காய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டு அந்த வழியாக நடப்பது எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த வாரம்தான் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றை அளந்தேன்.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாயங்காலம் தண்ணீரை இறைத்துவிட்டு, மட்டம் எங்கே நிற்கிறது என்று கயிற்றில் முடிச்சுப் போடுங்கள். 24 மணி நேரம் மோட்டாரைத் தொடாதீர்கள். மறுநாள் அதே நேரம் மறுபடி அளங்கள். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடி ஊறினால் சுமார் 8,900 லிட்டர். 30-க்கு 30 சதுரக் கிணறாக இருந்தால் ஒரு அடிக்கு சுமார் 25,500 லிட்டர். என் கிணறு அன்று ஒன்றேகால் அடி ஊறியிருந்தது. அதாவது 11,000 லிட்டர். போர் வைத்திருப்பவர்கள், 200 லிட்டர் டிரம் எத்தனை வினாடியில் நிறைகிறது என்று பாருங்கள். எவ்வளவு நேரத்தில் காற்று வாங்குகிறது, மறுபடி எப்போது எடுக்கிறது என்று மூன்று நாள் குறித்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துவிடும்.

இனி செலவுப் பக்கம். நன்றாக வளர்ந்த காய்கறிச் செடிக்கு நம்ம ஊர் கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் கடுமையானால் 6 கூட ஆகும். ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர், 10 சென்ட்டுக்கு 2,000, ஏக்கருக்கு 20,000. நான் நட்டிருந்தது 150 சென்ட்; தேவை 30,000 லிட்டர். இருந்தது 11,000. வங்கியில் இப்படி ஒருவர் செக் எழுதிக்கொண்டு வந்திருந்தால் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

மாடு, வீடு, இருபது தென்னை, முருங்கைக்குப் போக மிச்சத்தில் 40 சென்ட் காய்கறிதான் சித்திரையில் தாங்கும். வாய்க்காலில் பாய்ச்சிக்கொண்டிருந்த காலத்தில் இருந்த அதே 40 சென்ட்! அப்படியானால் சொட்டுநீர் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த 40 சென்ட்டும் வாடாமல் நிற்பதற்கு. அதற்கு முன் சித்திரையில் பாதிப் பாத்தி வாடித்தான் கிடக்கும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். வாய்க்காலில் விடும் தண்ணீரெல்லாம் வீண் என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆவியாகிறது, களைக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் வேருக்குக் கீழே இறங்குகிற பங்கு எங்கே போகிறது? செம்மண்ணில் கொஞ்சமாவது நம் கிணற்றுக்கோ பெரியவர் கிணற்றுக்கோ திரும்புகிறது. சொட்டுநீரில் அந்தத் திரும்பல் குறைவு. மிச்சப்பட்டதைக் கொண்டு பரப்பை மூன்று பங்கு ஆக்கினால் ஊருக்குப் பொதுவான தண்ணீரை நாம் முன்னைவிடக் கூடுதலாகக் குடிக்கிறோம் என்று அர்த்தம். மோட்டாருக்கு மின்கட்டணமும் கிடையாது என்பதால் கையைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. நானும் அந்த இலவச மின்சாரத்தில்தான் இறைக்கிறேன். அதை ரத்து செய்யச் சொல்லவில்லை.

நம் இயக்கத்திலேயே சொட்டுநீர் கூடவே கூடாது, அது பிளாஸ்டிக் என்கிற நண்பர்கள் உண்டு. அவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆள் கிடைக்காத ஊரில், அறுபது தாண்டினவன் ராத்திரி மும்முனைக் கரண்டுக்காக எழுந்து மடை திருப்ப முடியாது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் அளவு, அடுத்து மூடாக்கு, அப்புறம் குழாய். பாலேக்கர் சொல்லும் வாப்சாவும் நம் பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். சொட்டுநீர் போட்டவர்கள் செய்கிற பெரிய தப்பு, தினமும் திறந்துவிட்டு வேர்ப்பகுதியைச் சொதசொதவென்று வைத்திருப்பது. என் தோட்டத்தில் மூடாக்குப் போட்ட கத்தரிக்கு கோடையிலேயே இரண்டு நாளைக்கு ஒரு முறை திறந்தால் போதுமாக இருக்கிறது. மண்ணைக் கையால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் தொடுவேன்.

குழாய் போடும்போது நான் கற்றுக்கொண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாருக்குப் பார் 4 அடி, 40 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தால் 10 சென்ட்டுக்கு சுமார் 340 மீட்டர் லேட்டரல், 840 டிரிப்பர். மணிக்கு 1,680 லிட்டர் வெளியேறும். ஆக ஒரு மணி பத்து நிமிஷம் ஓடினால் அன்றைய 2,000 லிட்டர் முடிந்தது. என் மோட்டாரோ திறந்த குழாயில் 50 வினாடிக்கு ஒரு டிரம், அதாவது மணிக்கு 14,400 லிட்டர் தள்ளுகிறது. அன்றைக்கு ஊறிய 11,000 லிட்டரை 46 நிமிஷத்தில் காலி செய்துவிடும். அவ்வளவு பெரிய மோட்டாரில் 10 சென்ட்டை மட்டும் திறந்தால் அழுத்தம் தாங்காமல் லேட்டரல் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் உபரியைக் கிணற்றுக்கே திருப்ப ஒரு பைபாஸ் வால்வு கட்டாயம். வால்வுகளை 10 சென்ட், 10 சென்ட்டாகப் பிரித்து வையுங்கள். கோடையில் எதை மூடுவது என்று முடிவெடுக்க அது உதவும். மொத்த ஏக்கருக்கும் ஒரே வால்வு வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வீட்டுத் தோட்டம் மட்டும் போடுகிறவர்களுக்குத் தொட்டி போதும். ஆனால் 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். ஆறடி மேடை கொடுப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. லேட்டரலைக் குட்டையாக, 15 மீட்டருக்குள் நிறுத்துங்கள்.

அடுத்து நம் ஆட்களுக்கே உரிய தலைவலி: ஜீவாமிர்தம். வெஞ்சூரியில் விட்ட மூன்றாவது மாதமே பாதி டிரிப்பர் அடைத்துக்கொண்டது. இப்போது கரைசலைத் தெளியவிட்டு, மேலாகத் தெளிந்ததை மட்டும் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டுகிறேன். முதல் கால் மணி நேரம் வெறும் தண்ணீர், நடுவில் ஜீவாமிர்தம், கடைசி இருபது நிமிஷம் மறுபடி வெறும் தண்ணீர். பதினைந்து நாளுக்கு ஒரு முறை லேட்டரல் முனைகளைத் திறந்து கழுவிவிடுவது. டிஸ்க் பில்டரைக் கழற்றிக் கழுவ ஐந்து நிமிஷம்தான். அதைச் செய்யாமல்தான் பலர் தோட்டத்தில் குழாய்கள் சுருட்டி வேலியோரம் கிடக்கின்றன. ஒரே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உப்புத் தண்ணீர்க்காரர்கள் டிரிப்பர் முனையில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆசிட் விடச் சொல்வார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கழற்றித் துடைக்கிற மாதிரி வெளியே குத்தும் டிரிப்பர் போட்டால் வேலை கூடுதல், கவலை குறைவு. அணில் கடிக்கிறது என்று புலம்புகிறவர்கள் வரப்போரம் நாலு சட்டியில் தண்ணீர் வையுங்கள். எங்கள் தோட்டத்தில் கடி ரொம்பவே குறைந்தது. அதுவும் தாகத்துக்குத்தானே கடிக்கிறது!

மானிய விண்ணப்பத்துக்கு சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயிச் சான்று எல்லாம் கேட்டார்கள். கிணறு இருக்கிறதா என்று பார்த்தார்கள். சித்திரையில் எத்தனை லிட்டர் ஊறும் என்ற ஒரு கட்டம் நான் நிரப்பிய தாளில் இல்லை. என் கடன் படிவத்திலும் இருந்ததில்லை. அந்தக் கட்டம் வர வேண்டும், அதை யாராவது நேரில் வந்து பார்த்து நிரப்ப வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும். அரசு செய்கிற வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் ஊரில் பத்துக் கிணற்றின் மட்டத்தை ஒரு நோட்டில் எழுதினால் போதும். இரண்டு வருஷத்தில், யார் எத்தனை சென்ட் கோடைக் காய்கறி போடலாம் என்று ஊரே உட்கார்ந்து பேச அதில் விஷயம் இருக்கும்.

எங்கள் பக்கம் இப்போது ஆறு பேர் எழுதுகிறோம். பெரியவர்தான் நோட்டை வைத்திருக்கிறார். போன அமாவாசைக்கு என் கயிறு கிணற்று விளிம்பிலிருந்து 38 அடி காட்டியது, அவருடையது 36. "இந்த வருஷம் வெண்டை எத்தனை சென்ட்டு மேனேஜரே?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "பத்து போடுங்க" என்றார். பத்துதான் விதைத்திருக்கிறேன்.