14 கோடி அந்தப் பிள்ளைகள் கேட்ட விலை இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. சிஎஸ்கே ரசிகர்கள் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

உடப்புசல்லாவை டவுனில் இருந்து ராகலை வரைக்கும் மஞ்சள் ஜேர்சிக்காரர்கள்தான் கூட. நானும் அதில் ஒருத்தன். ஐபிஎல் 2026 ஆரம்பிக்க முன்னமே, ஒரு பந்து கூடப் போட முன்னமே, நம்ம வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு பிள்ளைகளுக்குத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். கார்த்திக் சர்மா, ஏலத்தில் எடுத்தபோது வயது 19. பிரசாந்த் வீர், அப்போது வயது 20. வலைப் பயிற்சி வீடியோ பத்து செக்கன் வருகிறது. அதில் ஒரு பந்து பெட்டில் படவில்லை என்றால் "வேஸ்ட்", "14 கோடி தண்ணீரில்" என்று நாற்பது பேர் எழுதுகிறார்கள். அடுத்த நாள் ஒரு சிக்சர் வீடியோ வந்தால் அதே நாற்பது பேர் "அடுத்த தோனி" என்கிறார்கள். இரண்டுமே பைத்தியக்காரத்தனம்.

முதலில் அந்த 14 கோடிக் கதையைப் பார்ப்போம். 2025 டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் இரண்டு பேரையும் தலா 14.20 கோடி இந்திய ரூபாவுக்கு சிஎஸ்கே எடுத்தது. இந்திய அணிக்கு ஆடாத இந்திய வீரர் ஒருவருக்கு ஐபிஎல் ஏலத்தில் அதுவரை இவ்வளவு விலை போனதே இல்லை. அதற்கு முந்திய சாதனை 2022இல் ஆவேஷ் கானுக்குப் போன 10 கோடி. சரி, இவர்களுடைய அடிப்படை விலை எவ்வளவு? 30 லட்சம். மிச்சத்தை ஏற்றியது யார்? சட்டைப்பையில் 43.40 கோடியோடு வந்த சிஎஸ்கேயும், விடாமல் கை தூக்கிய மற்ற அணிகளும். ஏல விலை திறமைக்குப் போடுகிற புள்ளி இல்லை. இரண்டு பேருக்கு ஒரே சாமான் அவசரமாகத் தேவைப்பட்டால் விலை ஏறும். சந்தையில் லீக்ஸ் விற்கிற நம்ம ஆட்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

2025இல் ஆயுஷ் மாத்ரேயும் அதே 30 லட்சத்துக்குத்தான் வந்தார். ருதுராஜுக்குக் காயம் என்பதால் பாதியில் வந்த பதினேழு வயசுப் பிள்ளை. மும்பைக்கு எதிரான முதல் மெட்சில் 15 பந்தில் 32. பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. ஏழு மெட்சில் 240 ஓட்டங்கள். அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். ஏன்? அவரிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை, அதனால் அடித்ததெல்லாம் இலாபமாகத் தெரிந்தது. இதே மாத்ரேயை 14 கோடிக்கு எடுத்திருந்தால், பஞ்சாப்புக்கு எதிராக 7 ஓட்டத்தோடு வெளியே போன அன்றைக்கே கிழித்துத் தொங்கவிட்டிருப்போம். ஆள் அதே ஆள், பெட்டும் அதே பெட். மாறுவது நம்ம வாய் மட்டும்தான்.

கோபத்துக்குக் காரணம் எனக்கும் தெரியும். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்துக் கிண்ணம் வாங்கித் தந்த ஜடேஜா இப்போது ராஜஸ்தானில். அவரையும் சாம் கரனையும் கொடுத்துத்தான் சஞ்சு சாம்சனை எடுத்தார்கள். அதைவிட நமக்கு வலிப்பது மதீஷ பத்திரன. நம்ம கண்டிப் பிள்ளை, திரித்துவக் கல்லூரியில் படித்தவர், 2023இல் 19 விக்கெட். அவரை விட்டார்கள், கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் விட்டது நிர்வாகம். பத்திரனவை வெளியே தள்ளியது கார்த்திக் சர்மாவா? கேள்வி கேட்க வேண்டும் என்றால் 2025இல் 14 மெட்சில் நாலே நாலு வென்று, அணியின் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குக் கொண்டுபோனவர்களிடம் கேளுங்கள். பழைய ஆட்களையே நம்பி வருசக்கணக்கில் இளம் பிள்ளைகளை வாங்குக் கதிரையில் உட்கார வைத்தது யார் என்று கேளுங்கள். அதை விட்டுவிட்டு, வந்து சேர்ந்த பிள்ளையை அடிப்பது எந்த ஊர் நியாயம்?

தோட்டத்தில் இருக்கிற நமக்குக் கவ்வாத்து தெரியும். வயசான மலையைக் கவ்வாத்து வெட்டினால் பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் கொழுந்து வராது. அதற்காக யாரும் செடியைப் பிடுங்கி எறிவதில்லை. சிஎஸ்கே இப்போது கவ்வாத்து வெட்டின மலை. அடுத்த நாளே கூடை நிறைய வேண்டும் என்பவன் தேயிலையையும் அறியாதவன், கிரிக்கெட்டையும் அறியாதவன்.

"காசு வாங்கினால் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேணும் சேர்" என்று ஒரு தம்பி கேட்டார். தாங்க வேண்டும்தான். ஆனால் ஆடின பிறகு. எந்தப் பந்துக்கு எந்த அடி தப்பு, கால் எங்கே போயிருக்க வேண்டும் என்று பேசுங்கள், அது விமர்சனம். ஆடுவதற்கு முன்னமே "வேஸ்ட்" என்பது வெறும் ஏச்சு.

முதல் பார்வையில் தீர்ப்பு எழுதியிருந்தால் யார் யாரை இழந்திருப்போம் என்று பாருங்கள். தோனியின் முதல் ஒருநாள் மெட்ச் 2004 டிசம்பர் 23, சிட்டகொங். சந்தித்தது ஒரு பந்து, ரன் அவுட், பூச்சியம். ஐந்தாவது மெட்சில் பாகிஸ்தானுக்கு எதிராக 148. அடுத்த ஒக்டோபரில் ஜெய்ப்பூரில் நம்ம இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 183, அந்த அடி நமக்கு மறக்காது.

மாவன் அத்தபத்துவின் முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ்: 0, 0, 0, 1, 0, 0. நாலு வருசத்தில் மொத்தம் ஒரே ஒரு ஓட்டம். அதே மனிதர் பிறகு ஆறு இரட்டைச் சதம் அடித்தார், இலங்கை அணிக்குத் தலைவரானார்.

இன்னொருவர் நம்ம மலையகத்து இரத்தம். தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன், முத்தையா முரளிதரன். 1991இல் இளம் பிள்ளையாக இங்கிலாந்து சுற்றுப்பயணம் போனார். ஐந்து ஆட்டம் ஆடி ஒரு விக்கெட்டும் இல்லை. அன்றைக்கு பேஸ்புக் இருந்திருந்தால் "டிக்கட் காசு வேஸ்ட்" என்று எழுதியிருப்போம். நல்ல வேளை, இருக்கவில்லை. அடுத்த வருசமே டெஸ்ட் அணிக்கு எடுத்தார்கள், 800 விக்கெட்டில் வந்து நின்றார். 2010இல் சிஎஸ்கே முதல் கிண்ணம் எடுத்தபோதும் அந்த அணியில் இருந்தவர் அவர்தான்.

இதெல்லாம் சென்னைக்காரர்களுடைய பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுதுவதை நம்ம பிள்ளைகள் வாசிக்கிறார்கள். கார்த்திக் சர்மாவுக்கும் நம்ம உயர்தர வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே வயசு. வகுப்பில் நான் தினம் பார்க்கிறேன்: விடை தெரிந்த பிள்ளையும் கை தூக்காது, பிழைத்தால் சிரிப்பார்கள் என்ற பயம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தால் பத்து வயசிலேயே "இதுக்குப் படிப்பு ஏறாது" என்று முத்திரை குத்துகிறோம். மென்பந்திலேயே வளர்ந்தவன் வலய மட்டத் தெரிவில் முதல் தடவையாகக் கடினபந்தைச் சந்தித்து ஆட்டமிழந்தால் "உனக்கு இது சரிவராது தம்பி" என்கிறோம். அவன் அடுத்த வருசம் வருவதே இல்லை. லயத்துப் பிள்ளைக்கு இரண்டாவது சந்தர்ப்பம் சும்மா கிடைப்பதில்லை. அந்த அருமை தெரிந்த நாமே அடுத்தவன் பிள்ளைக்கு முதல் சந்தர்ப்பத்தைக் கூடக் கொடுக்க மறுக்கலாமா?

அதனால் கேட்பது இவ்வளவுதான். மாத்ரேக்கு ஏழு மெட்ச் கிடைத்தது. இந்த இரண்டு பேருக்கும் ஏழு மெட்ச் கொடுங்கள். அதுவரைக்கும் "வேஸ்ட்" வேண்டாம், "அடுத்த தோனி", "அடுத்த ஜடேஜா" என்ற சுமையும் வேண்டாம். ஏழாவது மெட்ச் முடிந்த பிறகும் சரியில்லை என்றால் நானே முதல் ஆளாக எழுதுகிறேன்.

அப்படியே, நம்ம ஊர் மென்பந்துப் போட்டிகளுக்கு அணி சேர்க்கிற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. இந்த முறை ஒரு புதுப் பிள்ளையைச் சேருங்கள். முதல் பந்தில் போல்ட் ஆனாலும் அடுத்த இரண்டு மெட்சிலும் அவன் பெயர் அணியில் இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளை ஏசாமல் எழுதுங்கள்.