கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?



சில ஆண்டுகளுக்கு முன் கேரித் தீவில் உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவிவிட்டுத் திரும்பும்போது ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். அவருடைய கணவர் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. தெலுக் பங்ளிமா காராங் சாலையில் லோரி மோதி இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.

"அண்ணே, லாயர்கிட்ட கேஸு கொடுத்து ஒரு வருஷமாச்சு. ஒரு சேதியும் இல்லே. போய்க் கேட்டா கோவிச்சுக்குவாரோ?" என்று கேட்டார்.

"கோர்ட்டு வேலை மெதுவாகத்தான் நடக்கும் அம்மா. பொறுமையாக இருங்கள். அவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். நாலு பேருக்குச் சட்டம் சொல்லுகிற நான் அன்று சொன்ன இந்தப் பதில் தவறு. அது எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னால்தான் தெரிந்தது.

கணவர் இறந்து இரண்டு வருடமும் பத்து மாதமும் ஆனபோது அந்த அம்மாள் மகனுடன் என்னைத் தேடி வந்தார். இதற்குள் வக்கீல் ஆபீசுக்கு ஆறேழு முறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முன்மேசைப் பெண், "கேஸு போயிட்டிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வழக்கு எண் என்ன என்று கேட்டேன், தெரியாது. எந்தக் கோர்ட்டு என்று கேட்டேன், தெரியாது. வக்கீலின் முகத்தையாவது பார்த்ததுண்டா என்றால், அதுவும் இல்லை! பிரேதத்தை வாங்க ஆஸ்பத்திரியில் நின்றிருந்தபோது ஒரு தரகர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாராம்.

கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய் நீதிமன்ற அலுவலகங்களில் பெயர் சொல்லித் தேடச் சொன்னோம். எங்கும் வழக்கு பதிவாகவே இல்லை.

குடும்பத் தலைவர் விபத்தில் இறந்துபோனால், அவரை நம்பியிருந்தவர்கள் நட்ட ஈடு கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் வழி செய்கிறது. ஆனால் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். எங்கள் கையில் இருந்தது இரண்டே மாதம். ஓடிப்போய் வேறு வழக்கறிஞரைப் பிடித்தோம். கெடு முடிய 19 நாள் இருக்கையில் வழக்கு பதிவாயிற்று. இன்னும் ஒரு மாதம் நான் "பொறுமை" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகளின் உரிமை மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.

ஏன் கேட்கத் தயங்குகிறோம்?

கேரித் தீவு ஒரு காலத்தில் படகேறிப் போக வேண்டிய இடம். கேரி என்ற ஆங்கிலேயத் துரையின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. அங்கும் மற்றத் தோட்டங்களிலும் நம் பாட்டன் பூட்டன்மார் கிராணியாரிடமும் மண்டோரிடமும் கேள்வி கேட்காமல் வாழ்ந்து பழகியவர்கள். "பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்பதே நமக்கு மரியாதையாகிவிட்டது. இன்று வக்கீல் ஆபீஸ் நாற்காலியின் நுனியில் உட்காரும்போதும் அந்தப் பயம் நம்மை விடவில்லை.

வழக்கு உங்களுடையது. வழக்கறிஞர் உங்கள் சார்பில் பேசுகிறவர். பேசுவதற்குக் கூலி வாங்குகிறவர். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்வது அவர் காட்டும் தயவல்ல, அவருடைய கடமை. முக்கியமாக, எதிர்த்தரப்பு ஒரு தொகை தந்து சமாதானமாகப் போகலாம் என்றால், அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு. உங்களைக் கேட்காமல் முடித்துவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வழக்கறிஞர்களின் நடத்தைக்கு 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் இருக்கிறது. கட்சிக்காரரின் நலனை அப்பட்டமாக அலட்சியம் செய்வதை அந்தச் சட்டம் ஒழுங்கீனம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தரகர் வைத்து ஆள் பிடிப்பதும் ஒழுங்கீனம்தான். "ஜெயித்தால் நூற்றுக்கு முப்பது எனக்கு" என்று பேசிக்கொள்வதற்கும் அதில் இடமில்லை.

பினாங்கு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1984இல் மலாயன் சட்ட இதழில் வெளியான ஒரு வழக்கு உண்டு. நிலம் வாங்கச் சிலர் ஒரு வழக்கறிஞரை அமர்த்தினார்கள். அந்த நிலமோ அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் நடவடிக்கைக்கு உட்பட்டிருந்தது. அவர் அதைத் தேடிப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அசட்டைக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. தெரிந்ததைச் சொல்லாமலிருப்பது மட்டுமல்ல, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்து சொல்லாமலிருப்பதும் குற்றமே.

இந்திய உச்ச நீதிமன்றம் 1981இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் இன்னும் மனம் நெகிழும்படி சொன்னது. வழக்கறிஞர் வராததால் ஒரு கிராமத்து மனிதரின் மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. நம்பி வழக்கறிஞரை அமர்த்திய ஏழை, அவர் கோர்ட்டுக்குப் போகிறாரா இல்லையா என்று காவல் காக்க வேண்டியதில்லை என்று சொல்லி, நீதிபதிகள் மேல்முறையீட்டை மீண்டும் எடுத்துக்கொள்ள வைத்தார்கள். ஆனால் எல்லா வழக்கிலும் இப்படி மன்னிப்புக் கிடைக்காது என்று அதே நீதிமன்றம் 1993இல் எச்சரித்தும் இருக்கிறது. ஆகவே நீதிபதியின் இரக்கத்தை நம்பி நாம் தூங்கிவிட முடியாது.

கெடு தவறினால் கேடு

இந்தக் கணக்கை வீட்டுக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். வேலையிலிருந்து நியாயமில்லாமல் நீக்கப்பட்டால், தொழில் உறவுத் துறையில் 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விபத்தில் இறந்தவரின் குடும்பம் வழக்குப் போட 3 ஆண்டு. விபத்தில் காயம்பட்டவருக்குப் பொதுவாக 6 ஆண்டு. எதிரி அரசாங்கமாகவோ அரசாங்க அமைப்பாகவோ இருந்தால் 36 மாதம்.

என்ன கேட்க வேண்டும்?

முதல் சந்திப்பிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை ஐந்து:

1. என் வழக்கைப் பார்க்கும் வழக்கறிஞரின் பெயர் என்ன?
2. வழக்குப் போடக் கடைசி நாள் எது?
3. எந்தக் கோர்ட்டு, வழக்கு எண் என்ன?
4. அடுத்த தவணை என்று, நான் வர வேண்டுமா?
5. கட்டணம் எவ்வளவு?

கட்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளுக்கும் நகல் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் வாயால் கேட்டுக்கொண்டே இராமல் எழுதிக் கேளுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். இப்படி நாலு வரி போதும்: "என் கணவரின் விபத்து வழக்கு சம்பந்தமாக இந்தத் தேதியில் உங்களிடம் பத்திரங்கள் கொடுத்தேன். வழக்கு பதிவாகிவிட்டதா, எண் என்ன, அடுத்த தவணை எப்போது என்பதை 14 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் வழக்கறிஞரை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. செய்த வேலைக்கு உரிய கட்டணம் பாக்கியிருந்தால், அதைத் தீர்க்கும்வரை பழையவர் ஃபைலை நிறுத்தி வைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒழுங்கீனம் பற்றிய புகாரைக் கோலாலம்பூரிலுள்ள வழக்கறிஞர்கள் ஒழுங்கு வாரியத்துக்கு எழுத வேண்டும். மலாயில் லெம்பாகா தத்தாதெர்திப் பெகுவாம்-பெகுவாம் என்பார்கள். அது கண்டிக்கலாம், அபராதம் விதிக்கலாம், தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே நீக்கவும் செய்யலாம். கெடு தவறி ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு வேண்டுமென்றால் அது தனி வழக்கு. வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் ஜபாத்தான் பந்துவான் குவாமானிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

நம் பக்கமும் தவறு உண்டு

நேர்மையான வழக்கறிஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுண்டு. "தோட்டத்து விலாசத்துக்குக் கடிதம் போட்டால் திரும்பி வருகிறது. போனில் கூப்பிட்டால் அந்த நம்பரே இல்லை" என்கிறார்கள். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ குடிபோகிறவர்கள் பெட்டி படுக்கையை மறப்பதில்லை. வக்கீலுக்குப் புது விலாசம் சொல்லத்தான் மறந்துவிடுகிறார்கள். சாட்சி சொல்ல வரச் சொன்ன நாளில் வராமல் இருப்பதும் நடக்கிறது. தகவல் என்பது இரு கை தட்டும் ஓசை.

அந்த அம்மாளின் வழக்கு பிறகு முடிந்தது. கிடைத்தது பெரிய தொகை இல்லை என்றாலும் மகளின் படிப்புக்கு உதவியது. சென்ற தீபாவளிக்குப் பார்த்தபோது பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் காட்டினார். வழக்கு எண், தவணைத் தேதிகள், கட்டிய பணம் எல்லாம் மகன் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. "இப்ப லயத்துல யாருக்கு என்ன கேஸுன்னாலும் என்கிட்டதான் இந்த நோட்டைக் கேட்டு வர்றாங்க அண்ணே" என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். கேட்டால் வக்கீல் கோபித்துக்கொள்வாரோ என்று இனி நினைக்காதீர்கள். நல்ல வழக்கறிஞர் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவராக இருந்தால், வேறு ஒருவரைத் தேட அதுவே போதுமான காரணம்.