கன்றுக்கு எதற்குப் பசுவின் மூட்டை?

‘கன்னுக்குத் தீவனம் வேணும்’ என்று கேட்டுப் போகும் விவசாயிக்குப் பல தீவனக் கடைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ‘மாட்டுக்குப் போடுறதையே ரெண்டு கை அள்ளிப் போடுங்கண்ணே. புரதம் இருபது இருக்கு.’ மூட்டையைத் திருப்பினால் அந்த எண் இருக்கிறது. அந்தப் புரதம் எதிலிருந்து வந்தது என்பதைத் தேடினாலும் காணோம். இந்த மறைப்பை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஆய்வுக்கூடம் தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கித்தான் புரதக் கணக்குச் சொல்கிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நூறு கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா சேர்ந்தாலே, ஒரு பிடி பிண்ணாக்கு கூடாமல், கணக்கில் ஏறத்தாழ 2.9 சதவீதப் புரதம் ஏறிவிடும். வளர்ந்த மாட்டுத் தீவனத்தில் 1 சதவீதம் வரை யூரியாவுக்குத் தரவிதியே இடம் தருகிறது. அந்த மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கிக்கொள்ளும். பிறந்து பதினைந்து நாளான கன்றுக்குப் பெருவயிறு வேலை செய்யவே தொடங்கியிருக்காது. அதற்கு யூரியாவால் பயனில்லை. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் அப்படித்தான். அதிலுள்ள காசிபால் என்ற நச்சைப் பசு தாங்கிக்கொள்ளும், கன்று தாங்காது.

கன்றுக்கென்று தனித் தரம் இல்லாமலில்லை. ஐ.எஸ். 5560 என்ற இந்தியத் தரம் கன்றின் தொடக்கத் தீவனத்தில் 23 முதல் 26 சதவீதம் புரதம் வேண்டும், நார்ச்சத்து 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்தப் புரதம் சோயாப் பிண்ணாக்கு, பூஞ்சையில்லாத கடலைப் பிண்ணாக்கு, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் போன்றவற்றிலிருந்து வர வேண்டும். சோயாவை வறுக்காமல் பச்சையாக அரைத்துப் போட்டால் புரதம் சரியாகச் செரிக்காது. இவையெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த செய்திகள் அல்ல. கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதல் ஆண்டுகளிலேயே சொல்லித்தரும் பாடம். தெரிந்தும் செய்யாததுதான் குற்றம்.

விளைவை எந்தத் தொழுவத்திலும் பார்க்கலாம். வயிறு பானையாகத் தள்ளி, முதுகெலும்பு துருத்தி, மயிர் சிலிர்த்து, கட்டுத்தறியில் கயிற்றைச் சப்பிக்கொண்டு நிற்கிறது கன்று. ‘பூச்சி விழுந்திருக்கும்’ என்று மருந்து ஊற்றுகிறோம். மருந்து ஊற்றியும் தேறாத பல கன்றுகளுக்கு இருப்பது புரதப் பஞ்சம். ஒன்றரை வயதில் சினைப்பட வேண்டிய கலப்பினக் கிடேரி இரண்டரை வயதிலும் பருவத்துக்கு வராமல் நிற்கும்போது, அந்த ஓராண்டுத் தீவனச் செலவை யார் தருவார்கள்? மூட்டை விற்றவரா?

தீவன உற்பத்தியாளர்களுக்குச் சொல்கிறோம்: கன்றுத் தீவனம் என்று விற்கும் ஒவ்வொரு மூட்டையிலும் புரத மூலங்களின் பெயரையும், யூரியா இல்லை என்ற உறுதியையும் தமிழில் அச்சிடுங்கள். மாட்டுத் தீவனத்தின் மீது ‘கன்றுகளுக்கு ஆகாது’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கால்நடைத் துறை மூட்டைகளைப் பிரித்து மாதிரி எடுக்க வேண்டும். யூரியாவைத் தனியே சோதித்து, முடிவை வெளியிட வேண்டும். பால் சங்கங்கள், பாலை அளக்கும் அதே இடத்தில் கன்றுத் தீவனத்தையும் தனியாக வைத்து விற்க வேண்டும்.

பால் காசுக்காகக் கன்றின் பங்கை மடியோடு கறந்துவிடும் நம்மவர்களும் இதில் தப்ப முடியாது. தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் நாள்தோறும் கன்றுக்கு உரியது. இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி நல்ல தீவனமும் வேண்டும்.

அச்சகத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பதற்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் தேவையில்லை. அந்த வரி வரும்வரை வாசகர்கள் ஒன்று செய்யுங்கள்: ‘யூரியா இல்லை’ என்று எழுத்தில் இல்லாத மூட்டையைக் கன்றுக்கு வாங்காதீர்கள்.